ஐந்தாம் மன்றாட்டு

இந்த ஞாயிறு எங்கள் அன்பியத்தின் முறை.
வாசகத்துக்கு ஆள், காணிக்கைக்கு ஆள்,
பூ வாங்க இருநூறு ரூபாய்.
மன்றாட்டு எனக்கு விழுந்தது.

சனிக்கிழமை ராத்திரி
சுளகை மடியில் வைத்துக்கொண்டே எழுதினேன்.
திருத்தந்தைக்காக ஒன்று,
ஆள்வோருக்காக ஒன்று,
பாபநாசத்து மேகம் ஆற்றில் இறங்க ஒன்று,
பரீட்சைப் பிள்ளைகளுக்காக ஒன்று.
ஐந்தாவதற்குப் பேனா ஓடவில்லை.
நனைத்த இலை கையிலேயே காய்ந்தது.

அடுத்த வீட்டில் ஜெசிந்தா இருமினாள்.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கும் முக்கூடலுக்குமாக
மூன்று மாதம் பஸ்ஸில் போகிறாள், வருகிறாள்.
அவள் சுளகு சுவரில் தொங்குகிறது.
கணக்கு நின்றால் பாஸ்புக் போய்விடுமென்று
ஆளுக்கொரு கட்டு அவள் பேரில் போடுகிறோம்.
யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை.
முதல் நாள் மரிய புஷ்பம் போட்டாள்,
மறுநாள் எண்ணினால் பதினொரு கட்டு.
அதில் இரண்டு மேலத்தெரு செய்யதம்மாளுடையது.

அதையும் சிங்கராயர்
விரலால் நெரித்துப் பார்த்துக் கழித்தார்.
கழித்த கட்டு திரும்பி வராது.
கழிவென்று எழுதிய பீடி
எந்த ஊர் வாயில் புகைகிறதோ,
காணாமல் போனதைத் தேடித்தரும்
அந்தோணியாருக்கே வெளிச்சம்.
ஆயிரத்துக்கு எழுநூறு கிராம் இலை வேண்டும்,
ஐந்நூற்றைம்பது நிறுத்துத் தருவார்.
மிச்சத்தைக் காசுக்கு வாங்கவேண்டும்,
அவர் மைத்துனர் கடையில்.

கோயிலில் நாலாவது மின்விசிறி அவர் உபயம்.
இறக்கையில் பேர் இருக்கிறது.
சுற்றும்போது வாசிக்க முடியாது,
கரண்ட் போனால் தெரியும்.

இரண்டாம் வாசகத்தில் கூலி பேசியது,
அறுத்தவர்களுக்குக் கொடுக்காத கூலி.
வாசித்த பையன் தண்டவாளத்தில் ஓடுவதுபோல் ஓடினான்.
ஒருவர் காதிலும் அது ஏறவில்லை.

பிறகு நான்.
தாளில் ஐந்துக்கு நேரே வெறும் எண்.
வாய் தானாகத் திறந்தது:

'இலையைக் குறைத்து நிறுக்கும் தராசுக்காக,
கழிவென்று ஒதுக்கிய கட்டுகளுக்காக,
அவற்றைச் சுற்றிய விரல்களின் கணக்கு
உம்மிடமாவது சரியாக இருக்கவேண்டுமென்று
ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்.'

பழக்கம்.
கோயில் முழுக்கச் சொன்னது:
எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.
முதல் வரிசையில் சிங்கராயரும் சொன்னார்.
நல்ல கனத்த குரல் அவருக்கு.
சொல்லி முடித்த பிறகே
சொன்னது என்னவென்று அவருக்கு எட்டியது.
சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நாலாவது விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

நன்மை வாங்கக் கை நீட்டினேன்.
எந்தச் சோப்புக்கும் போகாத தூள் வாசம்,
நகத்தோரம் நூல் அறுத்த கோடு.
அந்தக் கையில்தான் அவரை வைத்தார்கள்.
அவர் முகம் சுளிக்கவில்லை.

திங்கட்கிழமை கடையில்
என் கட்டில் மட்டும் ஏழு கழிவு.
எனக்குப் பின்னால் நின்ற மரிய புஷ்பம்
சுளகைத் தரையில் இறக்கினாள்.
'கழிச்சத இங்க தாங்க, நாங்க எண்ணிக்கிடுதோம்.'
அவர் எங்களைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.
வாசல்வரை வரிசை.
வரிசை நகரவில்லை.
ஐந்தைத் திருப்பித் தந்தார்.
இரண்டு இன்னும் வரவேண்டும்.

மன்றாட்டை இனி முந்தின நாளே
கமிட்டியில் காட்டவேண்டுமாம்.
காட்டுகிறேன்.
கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்:
'நம் தனிப்பட்ட தேவைகளுக்காக
மௌனமாக மன்றாடுவோம்.'
அதில் அடிக்க ஒரு சொல்லும் இல்லை.

அந்த மௌனத்தில்
பெண்கள் பக்கம் திரும்பிப் பாருங்கள்.
மடியில் சுளகில்லை, இலையில்லை, தூளில்லை.
விரல்கள் மட்டும்
சுற்றிக்கொண்டிருக்கும்.