வெடிக்காத துளை

குத்தகை முடிந்து குவாரியைப் பூட்டியபோது
அஞ்செட்டி சாலையில் நின்று பார்த்தால்
மலையில் பாதி இல்லை.
அது எந்த நாட்டில் கல்லறைக்கு மூடியானதோ,
எந்தச் சமையல் மேடையில் இப்போது
வெங்காயம் நறுக்குகிறார்களோ.
துளை போட்டவன் நான்.
ஜாக்ஹாமர் பிடித்த கைக்கு
ராத்திரியில் இன்னும் நடுக்கம் நிற்கவில்லை.

அதே இடத்தில் இப்போது குழி வெட்டுகிறேன்.
குழிக்குப் பதினெட்டு ரூபாய்.
கல்பொடி மேல் ஏரி வண்டல், அதன்மேல் சருகு.
உசிலை, வெப்பாலை, காரை, ஆவாரை.
சந்தனக் கன்றுக்குப் பக்கத்தில் துவரை கட்டாயம்.
அது தனியாகப் பிழைக்காது,
அடுத்தவன் வேரில் வாய்வைத்தால்தான் தழைக்கும்.
"நம்ம மேஸ்திரி சாதி" என்றான் சிக்கண்ணா.

முதல் வருஷம் ஆயிரத்து நூறு கன்று.
மாசி முடிவதற்குள் கெம்பம்மாவின் ஆடுகள்
முள்வேலியில் சந்து கண்டுபிடித்துவிட்டன.
வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.
குச்சியை ஊன்றிக்கொண்டு கேட்டாள்:
"நீ வெடி வெச்சப்ப என் கிடா ரெண்டு செத்துச்சி.
நான் எதனா கேட்டனா?"

கல்லைப் பார்த்தபடி நின்றேன்.

ஆவணியில் நல்ல மழை.
நாங்கள் எதுவும் நடாத மேற்கு மூலையில்
அவள் ஆடுகள் மத்தியானம் படுத்து அசைபோடும் சரிவில்
இடுக்குக்கு இடுக்கு வெள்வேல் முளை.
காயைத் தின்று, கொட்டையைத் துப்பி,
புழுக்கையோடு கொஞ்சம் போட்டு,
கூலி கேட்காமல் போயிருக்கின்றன.
நூற்று நாற்பது வரை எண்ணினேன்.
அப்புறம் முழங்கால் வலித்தது.

பதிவேட்டில் 'நட்டவர்' என்று ஒரு கட்டம்.
கெம்பம்மா என்று எழுதுங்கள் என்றேன்.
சூப்பர்வைசர் சிரித்துவிட்டு
கோடு கிழித்தார்.

இப்போது வேலியில் ஒரு படல் உண்டு.
வெள்வேல் காய் உதிரும் மாதங்களில் திறப்பது,
கன்றுகள் பக்கம் வராமல் ஓட்டுவது
என்று பேச்சு.
அவள் பாதி நாள் மீறுவாள்.
அந்த நாளெல்லாம் எனக்குக் கிழக்கே வேலை.

நேற்று, ஆறாம் பெஞ்சில்,
மருந்து நிரப்பாமல் விட்டுப்போன என் துளை ஒன்று.
தூசி அடைந்து, தண்ணீர் நின்று,
உள்ளே ஒற்றைப் புல்.
விரலை விட்டுப் பார்த்தேன்.
ஈரம்.
கை நடுங்கியது.
பழைய நடுக்கம்தான்.