செவிச் சோதனை

எங்கள் பேண்டின் எந்தப் புகைப்படத்திலும்
என் முகம் கிடையாது.
பாரூக் வாய் திறந்திருப்பான்.
ரிச்சர்டின் முடி காற்றில் நிற்கும்.
லோகு வழக்கம்போல் தரையைப் பார்ப்பான்.
எனக்கான இடத்தில்
வட்டமாய் ஒரு பித்தளைத் தட்டு,
அதில் ஃபிளாஷ் வெளிச்சம்.
"இதுல நீ எங்கடா?" என்று அம்மா கேட்டபோது
அந்தத் தட்டைத்தான் தொட்டுக் காட்டினேன்.

காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரிக்கு மேலே
ஒற்றை அறை, வாடகை நானூறு.
ஜன்னலைத் திறந்தால் கருவாடு, மூடினால் அம்மோனியா.
மூன்றே மாதத்தில்
ஸ்டாண்டுக் கால்களெல்லாம் பழுப்பு பூத்தன.
மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்த துணியை
மோந்து பார்த்து லோகு சொன்னான்:
"பேர் கிடைச்சிருச்சு மச்சான். துரு."

டிரம்ஸ், சீட்டைத் தள்ளி எடுத்த பதினோராயிரத்தில் வந்தது.
ராயபுரத்தில் ஒரு சபை புதுசு வாங்கியதும்
பழசை எங்களுக்குக் கொடுத்தார்கள்.
பெரிய டிரம்மின் தோலில்
'இதோ, சீக்கிரமாய் வருகிறேன்'.
தின்னர் போட்டும் போகவில்லை.
பிற்பாடு மெட்டல் ரசிகர்கள் சிலர்
அதில் ஆழமாய் ஏதோ இருப்பதாகச்
சொல்லிக்கொண்டார்கள்.
நாங்கள் மறுக்கவில்லை.

தேசப்பனின் மீன்பாடி வண்டி
வஞ்சிரம் இறக்கிய ஈரத்தோடு வரும்.
சாக்கு விரித்து, கயிறு கட்டி,
மடியில் ஸ்நேரை வைத்துக்கொண்டு
அத்தனை கல்லூரிக்கும் அதில்தான் போனேன்.
அடையாறு பையன்கள்
மூக்கைப் பொத்திக்கொண்டு
எங்கள் சவுண்ட் செக்கைக் கேட்டார்கள்.
காதைப் பொத்தவில்லை, அது போதும்.

ஒருநாள் கொருக்குப்பேட்டை கேட் விழுந்தது.
விழுந்தால் விழுந்ததுதான்.
சரக்கு வண்டி, ஊர்கிறது.
எங்கோ ஒரு தண்டவாள இணைப்பு தளர்ந்திருக்க வேண்டும்:
நாலுக்குப் பிறகு இன்னொரு நாலை எதிர்பார்த்த காதுக்கு
மூன்றுதான் வந்தது.
மறுபடி நாலு. மறுபடி மூன்று.
தேசப்பன் பீடி பற்றவைத்தார்.
நான் தொடையில் தட்ட ஆரம்பித்தேன்.
அறுபது பெட்டி போயிருக்கும்.
கிண்டியில் எங்கள் பெயரைக் கூப்பிட்டு,
இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு,
அடுத்தவனை ஏற்றிவிட்டார்கள்.
பாரூக் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.
அந்த ஏழுதான் எங்கள் ஆல்பத்தின் மூன்றாம் பாட்டு.

ஆமாம், ஆல்பம். ஒன்று.
ஐந்நூறு சிடி அடித்தோம்.
முந்நூற்றுச் சொச்சம் இன்னும் கட்டிலுக்கடியில்.
வற்றல் காயும் நாட்களில்
பத்துப் பன்னிரண்டு மாடிக் கொடியில் தொங்கும்,
காக்கை அண்டாது.
ஷில்லாங் குளிரில் கை விறைத்துப்
பறந்த குச்சியை
முதல் வரிசையில் ஒருத்தி பிடித்தாள்.
திருப்பித் தரவில்லை.
மீதிப் பாட்டை ஒரு குச்சியும் ஒரு உள்ளங்கையுமாய் முடித்தேன்.
உலகப் புகழ் என்றால் அவ்வளவுதான்.

யாரும் சண்டை போட்டுப் பிரியவில்லை.
ரிச்சர்ட் குடும்பத்தோடு பெர்த் போனான்.
பாரூக்குக்கு ரெட்டைப் பிள்ளைகள்.
லோகு போனை எடுப்பதில்லை.
நான் பின்னால் உட்கார்ந்து
நாலு எண்ணினேன்.
யாரும் தொடங்கவில்லை.

இப்போது மணலியில் கண்டெய்னர் யார்டு,
ஃபோர்க்லிஃப்ட்.
சனிக்கிழமை ரிசப்ஷன்களில் ரப்பர் பேடு தட்டுகிறேன்,
வால்யூம் மண்டபத்து மேனேஜர் கையில்.
இடது காதுக்குள் ஒரு ஹைஹாட்
ஒன்பது வருடமாய் வாடகை தராமல் இருக்கிறது.

ஸ்டான்லியில் கண்ணாடி அறை.
தலையில் ஹெட்போன், கையில் பட்டன்.
"சத்தம் கேட்டா அழுத்துங்க."
அழுத்தினேன். அழுத்தினேன்.
அந்தப் பெண் கதவைத் திறந்தாள்.
"தணிகைவேல் சார்,
நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே."

தலையாட்டினேன்.
கட்டைவிரல் நிற்கவில்லை.
கார்டு வேன் வரட்டும்மா,
அப்புறம் கேட்டைத் தூக்குவாங்க.