பதினேழாம் கேள்வி

மணிக்கு நானூறு ரூபாய்.
பரப்பன அக்ரஹாரா ஜெயிலில்
கைபேசியை வாசலில் ஒப்படைத்துவிட்டு
நாற்பது கேள்விகளைத் தமிழில் கேட்க வேண்டும்.
கல்நெஞ்சு எத்தனை பேருக்கு என்று
கணக்கெடுக்கிறார் டாக்டர்.

தேவஇரக்கம், கோலார் தங்கவயல்.
செம்புக் கம்பி திருடியதாக வழக்கு.
ஜாமீன் கிடைத்துவிட்டது,
கையெழுத்துப் போடத்தான் ஆளில்லை.
நாலு வருஷம்.

பதினேழாவது:
செஞ்சத நெனச்சு மனசு உறுத்துதா?
எது மேடம், என்றான்.
கம்பியா,
அம்மா சாவுக்குப் போவாம இருந்ததா?
அப்படியே சொன்னேன்.
டாக்டர் எழுதினார்:
பதிலைத் தவிர்க்கிறார். இரண்டு.

அடுத்தவருக்கு நான் தேவையே இல்லை,
நல்ல ஆங்கிலம்.
ஆனாலும் என் இருமலைக் கேட்டு
சித்தரத்தை போடச் சொன்னார் தமிழில்.
முப்பத்தோரு பேரின் ஓய்வூதியப் பணம்
அவரிடம் போனது, திரும்பவில்லை.
ஒருத்தர் லால்பாக் ஏரியில்.
உறுத்துகிறதா?
தினமும், என்றார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
குரல் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது.
டாக்டர் தலையாட்டினார். பூஜ்யம்.

வெள்ளிக்கிழமை நான் போனபோது
அவர் வெளியே வந்துகொண்டிருந்தார்.
இருமல் எப்படி இருக்கு?
இரண்டு வக்கீல்கள், ஒரு வெள்ளைக் கார்.

அறிக்கை வந்திருக்கிறது.
தேவஇரக்கம் அதில் ஒரு சிவப்புப் புள்ளி,
மேல் மூலையில், மற்ற புள்ளிகளோடு நெருக்கியடித்து;
அங்கும் இடம் போதவில்லை.

எது என்று அவன் கேட்டபோது
கேள்விதான் தப்பு என்று
நான் சொல்லியிருக்கலாம்.
மணி ஐந்தாகியிருந்தது. சொல்லவில்லை.
ரெண்டாயிரம் வாங்கினேன், எண்ணினேன்.
ஓசூர் ரோடு நெரிசலில்
கூட்லு கேட் வரும்வரை நின்றுகொண்டே வந்தேன்.
பதினேழாவதை
என்னிடம் யாரும் கேட்கவில்லை.
சித்தரத்தை நன்றாகத்தான் கேட்டது.