பதினைந்து தசம் இரண்டு

இஸ்ஸதீன் ஹாஜியாரின் மில்லில்
நெல்லுத் தேய்த்துத் தேய்ந்துபோன உருளை.
பெயரிங் மாற்றி, அதைத் தரையில் புதைத்தேன்,
பின்சில்லு ஏறி ஓடும்படி.
பக்கத்தில் ஒரு பெட்டி, பெட்டியில் சிவப்பு இலக்கம்.
எத்தனை குதிரை என்று அது சொல்லும்.
பதினைந்துக்குள் என்றால் பின்னேரம் வயலில் ஓடலாம்.
மேலே என்றால் வீட்டுக்குப் போகலாம்.
அவ்வளவுதான் விதி. நான்தான் எழுதினேன்,
கொப்பியின் கடைசிப் பக்கத்தில், நீலப் பேனையால்.

முதலில் வந்தவன் தம்பிலுவில் சுலக்சன்.
லேண்ட்மாஸ்டர் பெட்டியில் பைக்கைக் கட்டி
நாலு மணிக்கே வெளிக்கிட்டிருக்கிறான்.
அறுத்த வயலில் பனி இன்னும் கிடந்தது.
ஏற்றினான். முறுக்கினான்.
பதினைந்து தசம் இரண்டு.
மறுகாவும் முறுக்கினான்.
பதினைந்து தசம் இரண்டு.
"நானா, தசம் ரெண்டுதானே."
"தசம் ரெண்டெண்டாலும் மேலதான், தம்பி."
சொல்லிவிட்டு எனக்கே அந்தப் பதில் பிடித்திருந்தது.

அவன் வாதாடவில்லை.
சங்கிலியைத் துடைத்தான், கயிற்றைத் திரும்பக் கட்டினான்.
வாசலில் நின்ற அவன் கூட்டாளிகள்
என் தொப்பியை ஒருக்கால் பார்த்தார்கள்,
மில்லின் பெயர்ப்பலகையை ஒருக்கால்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் மறுமொழி வைத்திருந்தேன்.

லுஹருக்குப் பாங்கு சொல்லி முடிந்த கையோடு
எங்கட தெரு ஹஸீப் வந்தான்.
தகரக்கூரை நெருப்பாய்க் கொதித்தது.
பதினாலு தசம் ஒன்பது.
கை தட்டினார்கள். நானும் ஒப்பமிட்டேன்.

மெசின் சரியா என்று பார்க்க
விடியவில் என் பைக்கையும் ஓட்டுவது வழக்கம்.
பால்காரன் பைக்; பதினொன்று தசம் நாலு காட்டும்.
ஏனோ தெரியாது, அன்று மத்தியானமும் ஏற்றினேன்.
பதினொன்று.
அதே பெற்றோல், அதே சில்லு, அதே நான்.

சோக்கெடுத்துச் சீமெந்துத் தரையில் குந்தினேன்.
விடிய இருபத்தைந்து பாகை. இப்போது முப்பத்தைந்து.
வெயிலில் காற்று கஞ்சித்தண்ணியாய் மெலியும்,
அதைக் குடிக்கிற எஞ்சினும் மெலியும்.
சுலக்சன் இந்த நேரம் வந்திருந்தால்
பதினாலு தசம் ஏழு.
ஹஸீப் பனியோடு வந்திருந்தால்
பதினைந்து தசம் நாலு.
கணக்கைக் காலால் அழிக்கலாம்.
அழிக்க எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது,
அந்த நிமிஷம் நீளமாய் இருந்தது.

"திரும்ப எல்லாரும் ஏத்துங்க,
ஒரே மணித்தியாலத்துக்குள்ள."
"என்னகா இது?" என்றான் ஹஸீப்.
"மெசின்தானே சொன்னது. மெசின் ஆள் பாக்காது."
மெய்தான், ஆள் பாக்காது.
நேரமும் பாக்காது மனே,
அதை நான் பார்த்திருக்க வேணும்.

சுலக்சனுக்கு அழைத்தேன்.
பின்னால் இரும்பில் இரும்பு படும் சத்தம்.
"ஹெட்டக் கழட்டிட்டன் நானா" என்றான்,
"அந்தத் தசம் ரெண்டு எங்க இருக்கெண்டு பாக்க."

நாலு மணிக்குப் போட்டி நடந்தது.
ஒரே வெயிலில் அளந்ததால் ஹஸீப் நியாயமாகவே ஓடினான்,
இரண்டாவதாய் வந்தான்.
முதலாவது யாரென்று இப்போது நினைவில்லை.
புழுதி மட்டும் நினைவிருக்கிறது,
வாய்க்கால்வரை போன புழுதி.

கொப்பியில் நீலப் பேனை அழியாது.
பதினைந்து தசம் இரண்டுக்குப் பக்கத்தில்
காற்று இருபத்தைந்து பாகை என்று எழுதினேன்.
அடுத்த பக்கங்களில் அதற்கென்று ஒரு கோடு இழுத்தேன்.

மறுநாள் புதுக் கஸ்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு
தம்பிலுவிலுக்குப் போனேன்.
மன்னிப்பை எப்படித் தொடங்குவதென்று
அக்கரைப்பற்று தாண்டியும் தெரியவில்லை.
அவன் கஸ்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.
இருக்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.
சாவியை என் கையில் தந்தான்.
"நீங்க நட்டை இறுக்குங்க நானா.
அளவு சரியா எண்டு நான் பாக்கிறன்."