பன்னிரண்டு, முப்பது

இந்தக் கரையில் திசைகள் தலைகீழ்.
தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்று சொல்லிவிட முடியாது.
மலையிறங்கிச் சுடும்,
பில்பாவோக்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்கும்,
சாப்பாட்டு மேசையில் சண்டை மூட்டும்.
மேற்கிலிருந்து வருவதும் கோடை அல்ல,
கடலைச் சுருட்டிக்கொண்டு வரும் குளிர்.
கலேர்னா.
பெர்மேயோ மீனவர்கள் அந்தப் பெயரைச் சொன்னபின்
கொஞ்ச நேரம் வேறெதுவும் பேசுவதில்லை.

மாலை ஆறு நாற்பது.
ஹாம்பர்க்கிலிருந்து நூற்று முப்பத்தொரு பேர்.
ஓடுபாதை பன்னிரண்டு என்று
அரைமணி முன்பே பேசி முடித்தாயிற்று:
எந்த உயரத்தில் எது,
இறங்க முடியாமல் போனால் எந்தப் பக்கம் திரும்புவது,
உலர்ந்த தரையில் எத்தனை மீட்டர் போதும்.
கோல்தோ ஓட்டுகிறான். இட்சியார் கவனிக்கிறாள்.
காபிக் குவளைகள் குப்பைக்குப் போய்விட்டன.

அப்போது காதுக்குள் நெகானேயின் குரல்:
"காற்று மாறிவிட்டது. முந்நூறு பாகையிலிருந்து இருபத்தெட்டு,
வீச்சில் நாற்பத்தொன்று.
இனி ஓடுபாதை முப்பது.
இப்போதே இடப்பக்கம் திரும்பினால்
சுருக்கு வழியில் கொண்டுவிடுகிறேன். முடியுமா?"

அதே தார்ச்சாலைதான், எதிர் முனை.
ஆனால் பெட்டிக்குள் உள்ள எண்கள் அத்தனையும்
இன்னும் பன்னிரண்டைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன.
அந்த முனைக்கு மலைகள் வேறு.

கோல்தோவின் இடக்கை விசைகளை நோக்கிப் போகிறது.
"ஓட்டு," என்கிறாள் இட்சியார்.
"நீ ஓட்டுவதை மட்டும் செய்."

எட்டு வருடம் முன்பு, வேறொரு ஊரில்,
இதே கேள்விக்கு அவள் சரி என்றாள்.
நல்ல பெயர் வாங்கும் வயது.
இரண்டு தலைகளும் ஒரே திரையில் குனிந்திருந்தன,
சன்னலுக்கு யாருமில்லை.
இறங்கினார்கள். நிறுத்தினார்கள்.
விளக்கணைக்கப் போகும்போது பார்த்தாள்:
பெட்டியில் பழைய பாதையின் தப்பும் வழி அப்படியே கிடந்தது.
மேலே ஏற நேர்ந்திருந்தால்
அது கைகாட்டிய பக்கம் ஒரு மலை.
ஒன்றும் நடக்கவில்லை.
யாரும் கேட்கவும் இல்லை.
இன்றும் சில இரவுகளில் அவளை எழுப்புவது
அந்த ஒன்றும் நடக்காததுதான்.

பொத்தானை அழுத்துகிறாள்.
"இயலாது. கடல் மேல் சுற்ற அனுமதி வேண்டும். பன்னிரண்டு நிமிடம்."

அரை நொடி மௌனம்.
நெகானேக்குப் பின்னால் வரிசையில் இன்னும் நான்கு விமானங்கள்.
"சரி. வடக்கே திரும்புங்கள், ஐயாயிரம் அடி."
குரலில் கோபம் இருந்ததா என்று கோல்தோ பிறகு யோசிப்பான்.
இப்போது மூக்கை உயர்த்துகிறான்.

பதினான்காம் வரிசையில் ஒருவர்
கடிகாரத்தைப் பார்க்கிறார், பிறகு இறக்கையை,
மறுபடி கடிகாரத்தை.
கெர்னிகா பேருந்து ஏழரைக்கு.

கடல் மேல் வட்டம்.
ஒருவர் ஓட்ட, ஒருவர் தட்ட,
தட்டியதை ஓட்டுபவர் வாய்விட்டுப் படிக்க.
"முப்பது."
"முப்பதுதான்."
"மழை தொடங்கிவிட்டது. ஈரத்தரை. மீட்டரை மறுபடி போடு."
"போதும். முந்நூறு மிச்சம்."
"எரிபொருள்?"
"இன்னொரு முறை முயலலாம். அதற்கு மேல் விட்டோரியா."
"தவறினால்?"
கோல்தோ சொல்கிறான், பாதியில் தடுமாறுகிறான்,
முதலிலிருந்து சொல்கிறான்.
அவள் அவசரப்படுத்தவில்லை.
மேகத்துக்குக் கீழே எங்கோ
வெள்ளை நுரை கரையைத் தின்கிறது.

இறங்கியது அழகாக இல்லை.
வலச்சக்கரம் முதலில் தொட்டது, பிறகு இடது,
பிறகு ஒரு குழந்தையின் அழுகை.
தரையில் வண்டி காட்டுபவன்
அரைக்கைச் சட்டையில் விறைத்துப்போய்
இரண்டு ஒளித்தடிகளையும் அக்குளில் இடுக்கி
உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.
அரைமணியில் பதினோரு டிகிரி.

கதவருகே கோல்தோ நின்றான்.
பதினான்காம் வரிசைக்காரர் நிற்காமலே சொன்னார்:
"பன்னிரண்டு நிமிடம் தாமதம்."
"ஆமாம் ஐயா," என்றான் கோல்தோ.
"பன்னிரண்டு."