வாத்தின் வாய்

லூனன்பர்க் நூலகத்தின் நிலவறையில்
பழைய நாளிதழ்களை ஸ்கேன் செய்கிறேன்.
மணிக்குப் பதினெட்டு டொலர். கையுறை இலவசம்.

ஓரின் கார்க்கம் என்றொருவர்
இருபது வருடம் இங்கே கேலிச்சித்திரம் போட்டார்.
மேயர் அவருக்கு மீசை வைத்த கடல்நாய்,
வாயில் எந்நேரமும் சுருட்டு.
மூலையில் ஒரு வாத்து.
படத்தில் யார் என்ன சொன்னாலும்
கடைசிச் சொல் அதனுடையது.
பால்விலை, பாதிரியாரின் புதுக் கார், மீன் ஆலையின் நாற்றம்
ஒன்றையும் விட்டுவைக்காத வாத்து.

ஐம்பத்தொன்பது, பெப்ரவரி பதினொன்று.
எல்டா வின்ட்ரோ கரை திரும்பவில்லை.
பதினேழு பேர்.
முதல் பக்கத்தில் பெயர்கள், இரண்டு அச்சுப்பிழையோடு.
நாலாம் பக்கத்தில் ஓரினின் படம்:

துறைமுகம். கடல்நாயிடம் சுருட்டு இல்லை.
தொப்பி கையில்.
அதற்கு வழுக்கை என்று
இன்றைக்குத்தான் தெரியும் எனக்கு.
கடலை அவர் வரையவே இல்லை,
தாளின் வெள்ளையை அப்படியே விட்டிருக்கிறார்.
வாத்தின் தலைக்கு மேல் பேச்சுக்குமிழி.
உள்ளே ஒன்றுமில்லை.

எழுத்து காணப்படவில்லை என்கிறது கணினி.
மீண்டும் முயலவும்.

அடுத்த அட்டைப்பெட்டிக்குள் ஒரு சப்பாத்துப் பெட்டி.
ஊரார் அந்தப் படத்தை வெட்டி,
குமிழிக்குள் தாமே எழுதி,
பத்திரிகைக்கே தபாலில் அனுப்பியிருக்கிறார்கள்.
யாரும் கேட்டிருக்கவில்லை.

ஒரு பிள்ளையின் கோணல் எழுத்தில்: குவாக்.
இன்னொன்றில் ஒரு பெயர், மூன்று தடவை.
கப்பல் முதலாளியின் தாயை இழுத்து ஒன்று.
பெத்துலா நிக்கிள் எழுதுகிறாள்:
பால்காரருக்கு,
நாளையிலிருந்து ஒரு போத்தல் போதும்.
அவர் கணக்கில் பாக்கி இருந்தால் சொல்லவும்.

ஆசிரியர் எதையும் அச்சிடவில்லை.
ஓரின் எதையும் எறியவில்லை.

பதினாறாம் தேதி வாத்து மறுபடி பேசியது,
பனி அள்ளாத தெருவைப் பற்றி.
இவ்வளவு சீக்கிரமா என்று ஒரு கடிதம்.
அப்பாடா என்று ஒரு கடிதம்.
இரண்டிலும் ஒரே வீட்டு முகவரி.

சப்பாத்துப் பெட்டியின் அடியில் கடைசித் துண்டு.
யாரோ எழுதி, அழித்து, எழுதி, அழித்து
குமிழி இருந்த இடமே கிழிந்துபோயிருக்கிறது.
கண்ணாடியில் கவிழ்த்து வைக்கிறேன்.
மூடியின் கறுப்பு
அந்த ஓட்டை வழியே படத்துக்குள் வருகிறது.

சேதத்தைச் சரிசெய்யவா என்று கணினி கேட்கிறது.
வேண்டாம் என்று அழுத்துகிறேன்.
அது திரும்பவும் கேட்கிறது.