சுமார்

ஒன்றரை ஷிப்ட் முடித்துப் படுத்தபோது மணி ஒன்று.
ஐந்தரைக்குக் குளத்தின் கரையில் நிற்கிறேன்,
ஊத்துக்குளி ரோட்டை விட்டுப் பிரிந்த மண்தடத்தில்.
கையில் வனத்துறை கொடுத்த அட்டை,
காதில் கம்பெனிப் பேனா.

எண்ணத் தெரிந்தவர்கள் வேண்டும் என்றார்கள்.
எனக்கு அது ஒன்றுதான் தெரியும்.
பதினாறு வருசமாகப் பனியன் எண்ணுகிறேன்.
பன்னிரண்டு ஒரு டஜன்,
பன்னிரண்டு டஜன் ஒரு பெட்டி.
ஒன்று குறைந்தால் பெட்டியைக் கொட்டி
முதலிலிருந்து.
அந்த ஒன்றுக்காக ஒரு தீபாவளிக்கு முந்தின நாள்
என் கூலியில் நூற்றிருபது ரூபாய் பிடித்தார்கள்.
பனியன் பிறகு மேசைக்கு அடியில் கிடைத்தது.
பணம் கிடைக்கவில்லை.

மூடுபனி சாயப்பட்டறை ஆவி மாதிரி கிடந்தது.
ஒரு காலத்தில் வாய்க்காலைப் பார்த்தே சொல்லிவிடுவோம்,
இந்த வாரம் சிவப்புக்கு ஆர்டர், இந்த வாரம் நீலத்துக்கு.
இன்று தண்ணீருக்கு நிறம் இல்லை.
வாசம் கொஞ்சம் உண்டு, பொய் சொல்லக் கூடாது.

நாமக்கோழியிலிருந்து தொடங்கினேன்.
எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று,
டஜன் கட்டுமுன் மூன்று முங்கிவிட்டன.
காத்திருந்தேன். ஐந்து எழுந்தன.
எந்த ஐந்து?
பட்டமரத்தில் நீர்க்காகங்கள் இறக்கை விரித்து நிற்க,
கூழைக்கடா ஒன்று பாரம் ஏற்றிய லாரிபோல இறங்கியது.
பவளக்காலிகள் இடம் மாற்றிக்கொண்டன,
வால்நீண்ட வாத்துகள் எல்லாம் ஒருசேர எழும்பி
ஒரு சுற்று சுற்றி
வேறு கணக்காக வந்து உட்கார்ந்தன.

அழுகையே வந்துவிட்டது.
காவலர் செங்கோடன் எட்டிப் பார்த்தார்.
"ஏனம்மிணி, ஒவ்வொண்ணா எண்றீங்க?
ஒரு பத்து எவ்வளவு எடம் புடிக்குதுன்னு கண்ணுல வெச்சுக்கோங்க.
அதே அளவுல அக்கட்டால வரைக்கும் போங்க.
சுமாராப் போட்டாப் போதும்ங்க."

சுமாரா.
பதினாறு வருசத்தில் யாரும் எனக்குத் தராத சொல்.
வாய்க்குள் கல்கண்டு மாதிரி ஒதுக்கிக்கொண்டேன்.
சுமார் நானூறு. சுமார் எழுபது.
யாரும் பெட்டியைக் கொட்டவில்லை.

என்னோடு வந்தவன் குழகேசன், அயர்ன் செக்‌ஷன்.
கோடியக்கரைக்காரன்.
புயல் அடித்த வருசம் தென்னையெல்லாம் சாய்ந்து
பஸ் ஏறியவன்.
கடைசிவரை ஒரு கோடுகூடப் போடவில்லை.
எங்க ஊர்ல இதெல்லாம் கூட்டம் இல்லக்கா, என்றான்.
பூநாரை எறங்குனா சதுப்பே செவந்து போகும்.
நான் நம்பவில்லை.
கடலைப் பார்க்காதவளிடம் எதையும் சொல்லலாம்.

பிறகு திடீரென்று என் முழங்கையைப் பிடித்தான்.
மதகுக்குப் பக்கத்தில், கொக்குகளுக்கு நடுவே
வெள்ளையாய் ஒன்று, சிவந்த அலகு,
கண்ணுக்குப் பின்னால் மை தடவின மாதிரி.
"கடற்காகம்."
இங்கே எப்படி?
"தெரியல."
போட்டுக்குப் பின்னாலேயே வரும், என்றான்,
வலை கொட்டுற வரைக்கும் கத்திக்கிட்டே.
இது கத்தவில்லை.
தண்ணீரை ஒருமுறை கொத்திப் பார்த்தது,
தலையை உதறியது,
மறுபடி கொத்தியது.

உப்பு தேடுதா, என்று கேட்டேன்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
"மொத மாசம் நானும் கொழம்புல அள்ளி அள்ளிப் போட்டேன்க்கா."

அட்டையில் அதன் பெயர் இல்லை.
அடியில் 'மற்றவை' என்று ஒரு கட்டம்.
எங்கள் கம்பெனிப் பதிவேட்டில்
லோக்கல், ஹாஸ்டல், அதற்கும் கீழே
இவன் பெயரும் அப்படி ஒரு கட்டத்தில்தான்.
அதில் எழுத மனம் வரவில்லை.
ஓரத்தில் புதிதாக ஒரு வரி கிழித்து
கடற்காகம் என்று எழுதி
அவனிடம் பேனாவைக் கொடுத்தேன்.

அதுவரை ஒரு கோடும் போடாதவன்
ரொம்ப நேரம் யோசித்து
ஒன்று
என்று எழுத்தால் எழுதினான்.

சுமார் போடவில்லை.